நேர்க்கோட்டில் முளைத்த வேம்பு

அத்தியாயம் 7

"மோட்டார் பீடி குடிக்குமாக்கா?"

சாத்தூர் தாண்டியதிலிருந்து ஊர்க்காவலன் இதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டான். ஒரு கையில் ஆம்னி வேனின் ஸ்டியரிங், மறு கையில் காராச்சேவுப் பொட்டலம். மினிபஸ்ஸில் பத்து வருஷம் கண்டக்டராக இருந்தவன். வாயை மூடிக்கொண்டு ஒரு ஸ்டாப் தாண்டினால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"குடிக்காது. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் ஷாஹிதா.

"பின்னே என்னத்துக்கு அன்னைக்கே மோட்டார் காயில் எரிஞ்சுச்சாம்?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கணக்குத் தாள் விரிந்து கிடந்தது. பன்னிரண்டு வருஷம் பொறியியல் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்தியவள் அவள். மின்னல் அடித்தால் மின்கம்பிகளில் எத்தனை வோல்ட் ஏறும் என்று ஆராய்ச்சி செய்து, வழிகாட்டிப் பேராசிரியரோடு சண்டை போட்டு, பட்டமும் வேண்டாம் பாடமும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். இப்போது விருதுநகரில் அண்ணன் ஃபரீதின் வத்தல் மண்டிக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம். 'கீழே வத்தல், மேலே எங்க அக்கா, ரெண்டும் ஒரே காரம்' என்று ஊர்க்காவலன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளம்பரம் செய்வான்.

வழக்கு இதுதான். போன புரட்டாசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே செண்பகவடிவு பட்டாசுக் கம்பெனியின் பதினாலாம் நம்பர் ரூம் வெடித்தது. நாலு பெண்களும் போர்மேன் கண்ணுச்சாமியும் செத்துப்போனார்கள். கண்ணுச்சாமி உள்ளே பீடி பற்றவைத்தான் என்றது கம்பெனி. கேட்டில் தொங்கிய அவன் சட்டைப் பையில் பீடிக் கட்டு இருந்ததாம், அதுதான் சாட்சி. பீடியைக் கேட்டில் வைத்துவிட்டுப் போனவன் உள்ளே எதைப் பற்றவைத்தான் என்று கேட்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

கண்ணுச்சாமியின் மனைவி வீரலட்சுமி மண்டி மாடிப்படியில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "அவரு உசிரு போனது போகட்டும்மா, அவரு பேரையாவது மீட்டுக் குடுங்க." ஊரில் அவளோடு யாரும் பேசுவதில்லை. குழாயடிக்குப் போனால் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். மகளைப் பறிகொடுத்த சொர்ணலட்சுமி நடுத்தெருவில் சாணித் தண்ணீரை அவள் மேல் ஊற்றியிருக்கிறாள். திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. அதில் பீடி என்று பதிவாகிவிட்டால் கண்ணுச்சாமி காலத்துக்கும் நாலு பெண்களைக் கொன்றவன்தான். இன்றைக்குச் சனிக்கிழமை.

நேற்று கிடைத்த ஒரே துப்பு சாத்தூர் மோட்டார் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம். வெடித்த அதே நாளில் கம்பெனியின் தண்ணீர் மோட்டாரும் காயில் எரிந்து கடைக்கு வந்திருக்கிறது.

"மின்னல்தான்," என்றாள் ஷாஹிதா. "ஆனா மின்னல் ரூம் மேல விழல. தள்ளி ஒரு பனையில விழுந்ததா ஊர்ல சொல்றாங்க."

"பனையில விழுந்த இடி பதினாலாம் நம்பருக்கு எப்படிப் போகும்? டிக்கெட் எடுத்தா?"

"தெருவில லாரி போனா வீட்டுக்குள்ள பாத்திரம் ஆடுதுல்ல? லாரி வீட்டுக்குள்ள வந்துச்சா? அதே மாதிரிதான். பக்கத்துல மின்னல் இறங்கினா, தொடாமலே கம்பியில வோல்ட் ஏறும். மின்னல் எம்புட்டு பலம், எம்புட்டு தூரம், கம்பி எம்புட்டு உயரம், இந்த மூணும் தெரிஞ்சா எத்தனை வோல்ட்டுன்னு நான் சொல்லிருவேன்."

"அப்ப சொல்லிருங்க, வீட்டுக்குப் போவோம்."

"கம்பி இருந்துச்சான்னே தெரியலையேடா."

*

கேட்டில் சின்ன முதலாளி சூர்யபிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். பெரியவர் தனுஷ்கோடி படுக்கையில் விழுந்தபிறகு நிர்வாகம் இவன் கையில். முப்பது வயதுக்குள் சிரிக்காமல் சிரிக்கக் கற்றிருந்தான்.

"பத்து நிமிஷம் மேடம். சீல் வச்ச இடம். தூரத்துல இருந்து பாத்துட்டுக் கிளம்பிருங்க."

கேட்டுத் தூணில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை விரலால் தட்டிப் பார்த்தான் ஊர்க்காவலன். "இடி இடிச்சா இதைத்தானே அடிப்பீக? எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி வரணும். இன்னும் பழைய காலத்திலயே இருக்கீகளே! எங்க தங்கச்சி கம்பெனியிலெல்லாம் இப்ப..."

"ஊர்க்காவலா, வாயை மூடிட்டு வா," என்றாள் ஷாஹிதா. அவனை முழுசாகப் பேச விட்டிருக்கலாம் என்று மத்தியானத்துக்குள் அவள் நொந்துகொள்ளப் போகிறாள். அது அப்போது அவளுக்குத் தெரியாது. தண்டவாளம் என்றதும் வாட்ச்மேன் சோலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டதை மட்டும் கவனித்தாள்.

பதினாலாம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. ஒரு குழி, கொஞ்சம் செங்கல், கருகிய ஒரு வளையல் துண்டு. அந்தப் பக்கம் வேலிக்கு வெளியே தலை கருகிய பனை நின்றது.

"அளந்துட்டு வா," என்றாள்.

ஊர்க்காவலன் எட்டு வைத்து நடந்து போய்த் திரும்பினான். "நூத்திப்பத்து மீட்டர்க்கா. ரெண்டு முள்ளு எக்ஸ்ட்ரா."

"பனையில இடி விழுந்தது வாஸ்தவம்தான் மேடம்," என்றான் சூர்யபிரகாஷ். "நாங்க இல்லைங்கலையே. அதுல இருந்து இங்க வர்றதுக்குக் கம்பி வேணும்ல? பட்டாசுக் கம்பெனியில ரூம் பக்கம் கரண்ட் கம்பியே கூடாது, லைசென்ஸ் போயிரும். எங்க ரூம்ல ஒரு பல்பு கூடக் கிடையாது. நல்லா அண்ணாந்து பாருங்க."

ஷாஹிதா அண்ணாந்து பார்த்தாள். வானம் மொட்டையாகத்தான் இருந்தது. மேற்கே கார்த்திகை மாசத்து மேகம் கொஞ்சம். கம்பி இல்லை, கம்பம் இல்லை. கையில் இருந்த கணக்குத் தாள் வெறும் காகிதமாகிப் போனது.

சூர்யபிரகாஷ் வாட்சைப் பார்த்தான். "இன்னொண்ணும் சொல்றேன் மேடம். அப்படியே உங்களுக்குக் கம்பி கிடைச்சாலும் என்கிட்ட வராதீங்க. முதல்ல அந்த வீரலட்சுமிகிட்ட போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் தைரியம் இருந்தா இங்க வாங்க."

என்ன திமிர் என்று ஷாஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திமிர் என்றுதான் நினைத்தாள்.

"ஆத்தாடி!" என்று பின்னால் ஒரு சத்தம். ஊர்க்காவலன் கால் தடுக்கி மண்ணில் உட்கார்ந்திருந்தான். "இங்கன யாரோ குழி தோண்டி அரைகுறையா மூடியிருக்காகக்கா. தோட்டம் போடுற ஆசை வேற. வேப்பங்கன்னு நட்டிருக்காக, அதுவும் கயிறு பிடிச்ச மாதிரி. பட்டாசுக் கம்பெனியில எவன் தோட்டம் போட்டான்?"

ஷாஹிதா திரும்பினாள்.

சாண் உயர வேப்பங்கன்றுகள். குழிக்குப் பக்கத்தில் நாலு, அதைத் தாண்டி இரண்டு, அதையும் தாண்டி ஒரு கொத்து. இடையிடையே இடம் விட்டாலும் எல்லாம் ஒரே கோட்டில். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அவள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நூற்று எண்பது காலடி. கோடு போய் நின்ற இடம் கேட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த மோட்டார் ரூம்.

"இங்க எத்தனை வேப்பமரம் இருக்கு?" என்று சோலைச்சாமியைக் கேட்டாள்.

"கேட்டுப் பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் தாயி."

"அதுல பழம் தின்னுட்டுக் காக்காயும் மைனாவும் எங்க போய் உக்காரும்?"

ஊர்க்காவலனுக்குக் கண் விரிந்தது.

"அட, கம்பியில உக்காந்து கொட்டையைத் துப்பியிருக்கு!"

"ஆனி ஆடியில துப்புச்சு, புரட்டாசி மழையில முளைச்சுச்சு. முன்னயெல்லாம் ரூமைச் சுத்திப் புல்லுப் பூண்டு முளைக்க விடாம தினம் செதுக்குவாங்க. சீல் வச்சப்புறம் செதுக்க ஆள் இல்ல, மேய ஆடும் இல்ல." ஷாஹிதா சூர்யபிரகாஷைப் பார்த்தாள். "கம்பியைக் கழட்டிட்டீங்க. காக்காயைக் கழட்ட மறந்துட்டீங்களே சார்."

அவன் முகத்தில் அதே சிரிக்காத சிரிப்பு.

கன்றுகளின் வரிசையில் முப்பது காலடிக்கு ஒன்றாக ஐந்து இடத்தில் மண் புதுசாக அமுங்கியிருந்தது. ஐந்து குழி. ஊர்க்காவலன் ஏதோ மோப்பம் பிடித்தவனாகக் கேட்டை நோக்கி ஓடினான். வாட்ச்மேன் குடிசையின் தார்ப்பாயைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளை எண்ணினான்.

"அஞ்சுக்கா! கச்சிதமா அஞ்சு! ஒண்ணுல கம்பி கட்டுற பீங்கான் குமிழு அப்படியே இருக்கு. சோலைச்சாமி அண்ணாச்சி குடிசைக்குப் பீங்கான் வச்சுக் கட்டுற அளவுக்கு வசதியான ஆளு போல."

கம்பு பதினைந்து அடி. அடியில் இரண்டு அடிக்கு மண் கறை. ஆக, தரைக்கு மேலே பதின்மூன்று அடி, நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஷாஹிதா குடிசைச் சுவரில் தாளை வைத்து, காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினாள். தூரம் நூற்றுப்பத்து, உயரம் நாலு, மின்னல் நடுத்தரமானது என்றால் முப்பதாயிரம் ஆம்பியர். பெருக்கி வகுத்தாள்.

"எம்புட்டுக்கா?"

"முப்பத்திரெண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல. வீட்டுக்கு வர்றது இருநூத்திமுப்பது."

ஊர்க்காவலன் விசில் அடிக்கப் போனவன் அடிக்கவில்லை. அந்தக் கம்பியின் ஒரு முனையில் மோட்டார். அது எரிந்தது. மறுமுனையில் மருந்துத் தூசி பறக்கிற ரூம். அங்கே ஒரே ஒரு பொறி போதும்.

ஷாஹிதா கிழவர் பக்கம் திரும்பினாள். "யார் கழட்டச் சொன்னது?"

சோலைச்சாமி சின்ன முதலாளியைப் பார்த்தார். அவன் செல்போனில் பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டிருந்தான். கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவருதான் தாயி. பொணம் எடுக்கதுக்கு முன்னயே கழட்டச் சொன்னாரு. ஒருபக்கம் அம்புட்டுப் பேரும் அளுவுறாக, ஒருபக்கம் நான் கம்பியைச் சுருட்டுதேன். அன்னைக்கு மொத இடியே அதுதான் தாயி. அதுக்கு முன்ன ஒரு முணுமுணுப்புக் கூட இல்ல."

"கம்பி எதுக்குப் போட்டது? உள்ள என்ன மெஷின் ஓட்டினாங்க?"

"அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீக." கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலாளி மேலுள்ள பயம் என்று ஷாஹிதா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்கு எல்லாமே ஒரு அடி தள்ளித்தான் புரிந்தது.

மோட்டார் ரூம் கதவில் பெரிய பூட்டு. 'மோட்டார்' என்று அட்டை கட்டிய அதன் சாவி சின்ன முதலாளியின் இடுப்பு வளையத்தில் ஆடுவதை அவள் உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள். அவனுக்குத் தெரியாமல் அங்கிருந்து ஒருத்தரும் கரண்ட் எடுத்திருக்க முடியாது. ஆசாமி வசமாக மாட்டினான்.

*

வீரலட்சுமி வீட்டு வாசலில் இரண்டு காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். தெருக்கோடியில் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற பெண்கள் பிடித்து முடித்துப் போகட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு மாதமாக இப்படித்தான்.

"பீடி இல்ல, வீரலட்சுமி," என்றாள் ஷாஹிதா, வேனிலிருந்து இறங்கும்போதே. அதற்கு மேல் அடக்கிவைக்க அவளால் முடியவில்லை. "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. நிரூபிச்சாச்சு."

வீரலட்சுமி குடத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "திங்கக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லுவீகளா? சொர்ணத்துக்கு முன்னால சொல்லுவீகளா?"

"மைக் வச்சே சொல்லிருவோம்," என்றான் ஊர்க்காவலன்.

"பனையில மின்னல் விழுந்தப்போ கம்பியில வோல்ட் ஏறி, பதினாலாம் நம்பருக்குள்ள பொறி அடிச்சிருக்கு," என்றாள் ஷாஹிதா. "மோட்டார் ரூம்ல இருந்து கள்ளத்தனமாக் கம்பி இழுத்திருக்காங்க. எந்த மெஷினுக்குன்னு தெரிஞ்சா முடிஞ்சது."

வீரலட்சுமியின் கை குடத்தின் விளிம்பில் அப்படியே நின்றது.

"எந்தக் கம்பிம்மா?"

"சவுக்குக் கம்பு நட்டு, அஞ்சு கம்பு..."

"பீங்கான் வச்சு?"

"ஆமா."

"மெஷின் இல்லம்மா," என்றாள் வீரலட்சுமி. "அது மணி."

குழாயடியில் பெண்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது கேட்டது.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பதினாலாம் நம்பர் கடைசி ரூம். மேற்கிலிருந்து மேகாத்து அடித்தால் கேட்டில் தண்டவாளம் அடிப்பது அங்கே கேட்காது. போன வருஷம் ஒருநாள் இடி இடித்து எல்லாரும் வெளியேறிவிட்டார்கள், பதினாலு மட்டும் உள்ளே உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தது. கும்பிடாத சாமி இல்லை, அன்றைக்குத் தப்பித்தார்கள். அப்போது அந்த ரூமில் அவளும் ஒருத்தி.

"நாந்தான் ஆரம்பிச்சேன். எங்களுக்கு ஒரு மணி வச்சுக் குடுங்கன்னு அவரை நச்சரிச்சேன். நான் மட்டுமா? எல்லாரும்! சொர்ணம் வேலைக்கே வர்றதில்ல, மகளுக்காக வீடு தேடி வந்து கேட்டா. 'ஒங்களை அண்ணனா நெனச்சுக் கேக்கேன், எம் புள்ளைக்கு ஒரு மணி கெட்டுங்க'ன்னா. அவரு போய்ச் சின்ன முதலாளிகிட்ட நின்னாரு. கையால சுத்துற சைரன் கேட்டாரு. அடுத்த சீசன் பாப்போம்னு சொல்லிட்டு, கெடங்குல கெடந்த பழைய வயரையும் ஒரு மணியையும் தூக்கிக் குடுத்து, மோட்டார் ரூமையும் தொறந்து விட்டாரு. ஞாயித்துக்கிளமை லீவுல இவரே கம்பு நட்டாரு. கேட்டுல சுவிட்சு, ரூம் சொவத்துல மணி. மணிக்குப் பொட்டு வச்சு, நாங்க தேங்கா ஒடச்சோம்மா."

ஷாஹிதா வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டிய சோலைச்சாமி துண்டால் முகத்தை மூடியது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. 'முதல்ல அந்த வீரலட்சுமிகிட்ட போய்ச் சொல்லுங்க' என்று சூர்யபிரகாஷ் சொன்னதன் அர்த்தமும் புரிந்தது. பாவி, எல்லாம் தெரிந்தே அனுப்பியிருக்கிறான்.

"இதை ஏன் எங்கிட்ட முன்னயே சொல்லல?"

"மணிக்கும் வெடிக்கும் என்னம்மா சம்பந்தம்? மணி நல்லதுக்குத்தானே?" வீரலட்சுமி அவள் முகத்தையே பார்த்தாள். "முந்தியெல்லாம் மேக்க லேசா இருட்டினாலே நாங்களா எந்திரிச்சு வந்துருவோம். மணி வந்தப்புறம் வானத்தையே பாக்கல. அதான் மணி இருக்கே, அடிச்சா போவோம்னு உக்காந்துட்டோம். அன்னைக்கும் இருட்டிக்கிட்டுத்தான் வந்துச்சாம். நான் ரேசன் கடைக்குப் போயிருந்தேன். அவுக மணி அடிக்கட்டும்னு இருந்திருக்காக."

"தப்பு உங்க மேல இல்ல," என்றாள் ஷாஹிதா, கொஞ்சம் கோபமாகவே. "கூடாதுன்னு தெரிஞ்சும் கரண்ட் குடுத்தவன் அவன். சைரன் கேட்டதுக்குப் பழைய வயரைக் குடுத்தவன் அவன். பொணம் எடுக்குறதுக்கு முன்ன கம்பியைக் கழட்டினவனும் அவன். கம்பும் பீங்கானும் சாட்சி, பூட்டுச் சாவி சாட்சி. திங்கட்கிழமை நான் இதை வைக்கப்போறேன்."

"வேண்டாம்மா."

"என்னது?"

"பீடின்னே இருக்கட்டும்."

ஊர்க்காவலன் காராச்சேவுப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"இப்ப அவரை ஏசுறாக," என்றாள் வீரலட்சுமி. "என் மேல சாணியைக் கரைச்சு ஊத்துறாக. ஊத்திட்டுப் போய் ராவுல ஒரு கண்ணு தூங்குறாக. மணின்னு தெரிஞ்சா சொர்ணம் தூங்குவாளா? அவ வாயாலதானேம்மா கேட்டா? பெத்தவ தாங்குவாளா அதை? செத்தவரு எதையும் தாங்குவாரு. அவரு பீடி குடிச்சவராவே இருந்துட்டுப் போகட்டும்."

"அந்தக் கம்பெனிக்காரன் தப்பிச்சிருவான் வீரலட்சுமி!"

"அவன் எப்பம்மா மாட்டியிருக்கான்?"

ஷாஹிதா கையில் இருந்த கணக்குத் தாளைப் பார்த்தாள். பேர் வேண்டும் என்று அவளிடம் வந்த பெண்ணே இப்போது பேர் வேண்டாம் என்கிறாள். இவளுடைய வலியில் போய்ச் சட்டம் பேச ஷாஹிதாவுக்கு நாக்கு எழவில்லை. சரி, உன் இஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அக்கா."

ஊர்க்காவலன் இந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

"எந் தங்கச்சி புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்கால்ல? தீபாவளி கழிஞ்சு கம்பெனி தொறந்த பூசையில... கரண்டு மணி வச்சாகக்கா. எங்கயோ ஒரு கம்பெனியில இருந்துச்சுன்னு கேட்டு வச்சாகளாம், அது செண்பகவடிவுதான்னு இப்பத்தான் புரியுது. இங்கன வெடிச்சது பீடியாலன்னுதானே எல்லாரும் நெனைக்காக? மணி நல்ல யோசனைன்னு வச்சுட்டாக." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "கேட்டுலயே அதைத்தான் சொல்ல வந்தேன். பூசையில தேங்கா ஒடச்சதே நாந்தான்."

ஷாஹிதா எழுந்தாள். "கம்பி எப்படிப் போகுது? மேலயா?"

"மேலதான். வேலி ஓரமா, நீளமா."

"போன் போடு."

"உள்ள செல்லு கூடாதுக்கா. ஆபீஸ் நம்பரு எங்கிட்ட இல்ல."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் மேற்கே பார்த்தார்கள். காலையில் கொஞ்சமாக இருந்த மேகம் இப்போது கருத்துத் திரண்டு பாதி வானத்தை அடைத்திருந்தது. இடி எதுவும் இல்லை. ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை.

வீரலட்சுமி குடத்தைத் தரையில் வைத்தாள். வீட்டைப் பூட்டவில்லை, செருப்புப் போடவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க," என்றாள்.

தெரு குறுகல். குழாயடியைத் தொட்டுக்கொண்டுதான் வேன் போக வேண்டும். வழக்கம்போல் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழாய்க்கு நேராக சொர்ணலட்சுமி நின்றாள். மெலிந்த பெண், சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வீரலட்சுமியைக் கண்டதும் அவள் கை தண்ணீர்ச் செம்பைத் தூக்கியது.

"நிறுத்துங்க," என்றாள் வீரலட்சுமி.

ஷாஹிதா அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"சொர்ணம், அவரு பீடி குடிக்கல. மணிக்கம்பியில இடி ஏறி வந்திருக்கு. நாம கேட்டுக் கெட்டுன மணிடி. புதுப்பட்டியிலயும் அதே மாதிரி கெட்டியிருக்காக. மானம் கருத்துருச்சு, சொல்லப் போறேன்."

செம்பு தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. குடம் நிறைந்து வழிந்து சொர்ணலட்சுமியின் காலில் ஓடியது. அவள் முகத்தில் எது முதலில் உடைந்தது என்று ஷாஹிதாவால் சொல்ல முடியவில்லை. பார்க்கச் சகிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நாந்தானே கேட்டேன்," என்றாள் சொர்ணலட்சுமி. யாரிடமும் சொல்லவில்லை. "வீட்டுக்கே போய்க் கேட்டேனே."

ஊர்க்காவலன் கியரைப் போட்டான். வேன் நகர்வதற்குள் பக்கக் கதவு தடாலென்று இழுபட்டது. சொர்ணலட்சுமி நனைந்த சேலையோடு ஏறி, வீரலட்சுமியைத் தொடாமல், ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"தம்பி, வெரசாப் போ," என்றாள். "அங்கன மணி அடிக்கட்டும்னு உக்காந்திருப்பாக."